கலங்கல்

செவ்வாய்க்கிழமைதோறும் எல்பே ஆற்றின் அணைமேட்டிலிருந்து
ஆட்டு ரத்தம் வரும்.
அரை லிட்டர், உறையாதபடி உப்பும் சர்க்கரையும் கலந்து,
மேய்ப்பன் ஹின்னர்க்கின் ரசீதோடு.
மூன்று முறை கழுவுவேன். இருபத்தொன்பது ஆண்டுகள் கழுவினேன்.
என் பெயர் ஊவே.
கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் சின்ன எழுத்தில் இருப்பேன்.
ஒரு தடவை எழுத்துப் பிழையோடு.

எங்கள் அறையில் சொற்களுக்குத் தலைகீழ்ப் பொருள்.
குழாய் கலங்கியிருந்தால் அணுக்கள் உயிரோடிருக்கின்றன.
தெளிந்துவிட்டால்,
செம்பருத்திச் சாறுபோல் வெளிச்சம் ஊடுருவிவிட்டால்,
எல்லாம் உடைந்து போயிற்று.
வீட்டில் மனைவி சொல்வாள்: எதையும் தெளிவாகச் சொல்லேன்.
எனக்குச் சின்னதாய் ஒரு நடுக்கம்.

உடைப்பது நம் ரத்தத்திலேயே ஓடும் காவல்.
ஒரு புரதம் அடுத்ததை வெட்டி எழுப்பும்,
அது அதற்கடுத்ததை,
கிருமியின் தோலில் துளை விழும்வரை.
காவலுக்கு வெறி பிடிக்கக் கூடாதல்லவா,
வெட்டும் கத்தி ஒன்றரை நிமிடத்தில்
பாதிக்குப் பாதி உதிர்ந்துவிடும்.

நாகத்தின் விஷத்திலும் அந்தக் கத்தி உண்டு.
அதே சாயல், அதே மடிப்பு,
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல.
பாதி உதிர ஏழு மணி நேரம்.
அது கொல்வதில்லை. கொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள் விஷத்தில்.
இது ஓயாமல் கூக்குரலிட்டு
காவலர் அத்தனை பேரையும் தெருவுக்கு இழுத்து
நிலையத்தைக் காலியாக்கிவிடும்.

டாக்டர் கேஷ தீடெமான்
இந்த ஒரு புரதத்தோடு முதுமையடைந்தார்.
நாலு டிகிரி அறையில், ஆணின் கம்பளிச் சட்டையில்,
மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு
சொட்டு சொட்டாய் இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பார்.
யாருடைய சட்டை என்று நான் கேட்டதில்லை.

வியன்னாவில் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்தார்:
இதனால் யாருக்கு என்ன பயன்?
அது ஏன் விட மறுக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், என்றார்.
மறு ஆண்டு நிதி பாதியானது.
ஹின்னர்க் கடனுக்கு ரத்தம் தந்தான்.

எண்பத்தாறு பிப்ரவரி, துறைமுகம் உறைந்திருந்தது.
பாரந்தூக்கி ஓட்டும் க்ளாஸ் வோலர்ஸ்
ஊறுகாய்ப் புட்டி ஒன்றோடு வாசலில் நின்றார்.
உள்ளே அவருடைய காலைச் சிறுநீர். கொக்கோகோலா நிறம்.
நீங்கள் ரத்தம் உடைவதைப் படிப்பவர்களாமே?

அவர் அணுக்களைக் கழுவினேன்.
ஆட்டினுடையதைவிட மெதுவாக, ஏனோ.
சீரத்தில் துளி அமிலம் சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம்.
தெளிந்தது.
அவருடைய அணுக்களுக்குக் கவசம் இல்லை.
சொந்தக் காவல், சொந்த வீட்டுக்காரரை
யாரடா நீ என்று வெட்டிக்கொண்டிருந்தது.

தெளிவாகத் தெரிந்துவிட்டதா? என்று கேட்டார் வோலர்ஸ்.
தெரிந்துவிட்டது என்றார் அவர்.
வேறொன்றும் கொடுக்க எங்களிடம் இல்லை.
விஷத்தைக் கொண்டு காவலைக் காலி செய்யலாம்,
எலியில் செய்தோம்,
நாலைந்து நாளில் திரும்பி வந்துவிடும், கோபத்தோடு.
மனிதனுக்குச் செய்யும் துணிவு யாருக்கும் இல்லை.
வோலர்ஸ் மூன்று குளிர்காலம் இருந்தார்.
மருந்து பிறகு வந்தது. வேறு ஊர், வேறு ஆட்கள்.
செய்தித்தாளை அவர் மேசையில் வைத்தேன்.
மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.
மேசை ஆடிக்கொண்டிருந்ததும் உண்மைதான்.

ஓய்வு பெற்ற நாளில் உறைபெட்டியைக் காலி செய்தோம்.
அடித்தட்டில் ஒரு குப்பி: கே.வோ., பிப்ரவரி 86, சீரம்.
எழுபது டிகிரி உறைவில் இருபத்தொரு ஆண்டு.
ஆட்டு அணு இருக்கிறதா? என்றார்.
இருந்தது. கடைசி ரசீதின் ரத்தம்.
ஐஸில் வைத்துக் கலந்தேன். ஐஸில் காவல் அசையாது.
கலங்கியே இருந்தது.

வெந்நீர்த் தொட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது, முப்பத்தேழு.
இரண்டடி தூரம்.
அவர் அதைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்,
கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.
நாளைக்குப் பார்ப்போம், ஊவே.
சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அன்று மாலை ஐந்து மணிக்கு.

ஐஸ் எத்தனை மணிக்கு உருகியிருக்கும்?
மேய்ப்பனுக்கு இன்னும் நாற்பது யூரோ பாக்கி.