பச்சைச் சாயம்

மார்ச் ஒன்பது. பனி முழுக்கக் கரையவில்லை.
வீன்கோவின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்
ஓடை, பாறைக்குள் இறங்கிக் காணாமல் போகும் இடம்.
லூப்லியானாவிலிருந்து வந்த நேஜா
ஒரு வாளி பச்சைச் சாயத்தை அதில் கவிழ்த்தாள்.
"என் வேலிக்குள்தான்," என்றான் வீன்கோ,
"ஆனால் தண்ணீர் என்னைக் கேட்டுக்கொண்டா போகிறது?"

என் மேசையில் வரைபடம்.
காக்க வேண்டிய நிலத்தைச் சுற்றி
ஸ்கேல் வைத்து நான் போட்ட சிவப்புக் கோடு.
ஊற்றும் பீச் மரக்காடும் உள்ளே.
கொட்டகை இரண்டு மலை தள்ளி, வெளியே.

பதினோராம் நாள்
பள்ளிக்கூடக் குழாயில் பச்சை.
சமையற்கட்டுத் தொன்ச்கா
டம்ளரைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

மலையின் முதுகு வடக்கே சரிகிறது,
வயிறு தெற்கே.
நான் முதுகை மட்டும் அளந்திருந்தேன்.

ரப்பர் பாதியாய்த் தேய்ந்தது.
புதுக் கோடு கோணல்மாணலாய் மலையேறி இறங்கி
சாணக்குழியைச் சுற்றிக்கொண்டு
வீன்கோ வாசலில் நின்றது.

கையெழுத்துக்குப் போனேன்.
பேனாவை வாங்காமல் கேட்டான்:
"அந்தப் பச்சை, பிள்ளைகள் குடித்தால்
ஒன்றும் செய்யாதே?"

"சாயம் செய்யாது."

கொட்டகைப் பக்கம்
திரும்பிப் பார்த்தான்.