பதினேழாம் கேள்வி

பன்னிரண்டு நாடுகளுக்கு ஒரே வினாத்தாள்.
தமிழ்ப் பிரதி என்னுடையது.
தரமணியில், ஏசி ஒழுகும் மூன்றாம் மாடியில்
கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டுச் செய்தது.

"செய்திகளின் மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்."

சரிபார்க்க, என்னைத் தெரியாத ஒருவர்
அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். விதி.
எழுதினார். தலைமையகம் சிவப்பில் அடித்து அனுப்பியது:
நம்புகிறார்களா என்று கேட்கச் சொன்னோம்,
நல்லது நடக்கும் என்று காத்திருக்கிறார்களா என்று
கேட்டிருக்கிறீர்கள்.
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல்தான் என்று
மூன்று பத்தி விளக்கம் எழுதினேன்.
"நம்பகத்தன்மை" என்று மாற்றச் சொன்னார்கள்.
மாற்றினேன். காசிமேட்டில்
அந்தச் சொல்லை யாரும் வாயில் போட்டதில்லை.

களத்துக்குத் தனசீலி போனாள்.
ஒருநாள் நானும் கூடப் போனேன்.
விடிகாலை ஐந்தரை, ஏலம் முடியாத நேரம்.
அமலோற்பவம் சங்கராவைச் செதில் சீவியபடி
கேள்வியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.
"எந்தச் சேதி? புயல் சேதியா, ஓட்டுச் சேதியா?"
பொதுவா, என்றாள் தனசீலி.
"பொதுவா மீன் இருக்கா?
வஞ்சிரம் இருக்கு, நெத்திலி இருக்கு.
மூணாம் நம்பர் கூண்டு ஏத்தினா போட்டைக் கட்டிருவோம்.
அதுக்கு அஞ்சு போடு.
மத்ததுக்கு நீயே பாத்துப் போட்டுக்க."

நீயே பாத்துப் போட்டுக்க.
இதற்குக் குறியீட்டு எண் இல்லை.
88 என்றால் தெரியாது. 99 என்றால் பதில் சொல்ல மறுத்தார்.
வியாசர்பாடியில் ஒருவர், கேள்வி முடியுமுன்
டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.
தனசீலி 99 போட்டிருந்தாள்.
நான் அதை 88 ஆக்கி, மறுபடி 99 ஆக்கி
இரவு பதினொன்றுக்கு அப்படியே விட்டுவிட்டேன்.

ஏழாம் எண் நாட்டு ஆய்வாளர்
பெயர் போட வேண்டாம் என்றிருக்கிறார், போடவில்லை.
காணொளிக்கு வருவார், காமிராவை மூடியபடி.
அவருடைய கோப்புதான் முதலில் வந்தது.
ஆயிரத்து இருநூறு பேர். ஆயிரத்து இருநூறும் ஐந்து.
88 இல்லை, 99 இல்லை,
கைதவறி விழுந்த ஒரு மூன்று கூட இல்லை.
நீங்கள் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
ஐந்து, என்றார்.
பிறகு, சென்னையில் மழையா என்றார்.
மழை என்றேன்.
வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அறிக்கை வந்தது, வழவழப்பான தாளில்.
பட்டை வரைபடத்தில் அவருடைய நாடு
முதலிடத்தில், பத்து மாடி போல் நின்றது.
நாங்கள் ஒன்பதாவது.
ஓர் அடிக்குறிப்பு எழுதியிருந்தேன்,
எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னால்
கேள்வியைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று.
பக்கம் போதவில்லை என எடுத்துவிட்டார்கள்.

அன்றிரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில்
நாத்தனார் கணவர் அனுப்பினார்:
"நாளை முதல் மூன்று நாள் மெட்ரோ தண்ணீர் வராது.
அவசரம். அனைவருக்கும் பகிறவும்."
யார் சொன்னது என்றில்லை. தேதி இல்லை.
போன வருஷமும் இதே றகரத்தோடு வந்தது.
வினாத்தாளில் எனக்கு நானே போட்டுப் பார்த்த எண்
இரண்டு. இப்போதும் இரண்டுதான்.

மோட்டார் போட்டேன்.
டிரம், குடம், அண்டா,
அலுவலகத்துக்கென்று வாங்கிவைத்த புது பக்கெட்,
தோசை மாவுத் தூக்கு வரைக்கும் நிரப்பினேன்.
சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது.
"என்னங்க, நாளைக்குத் தண்ணி வராதா?"

அப்படித்தான் சொல்றாங்க, என்றேன்.