கண் திறப்பு

காலையில் மூன்று பாஸ்போர்ட் போட்டோ.
ஒருவருக்குக் காலரை மடித்துவிட்டேன்.
ஒருவருக்கு மூக்கில் விழுந்திருந்த திருநீற்றைத் துடைத்தேன்.
மூன்றாவது ஆள் திரைக்குள் தலையை நீட்டி
"இன்னும் கொஞ்சம் வெள்ளையா" என்றார்.
கர்வ்ஸை ஒரு நூல் மேலே தள்ளினேன்.
இன்னும், என்றார்.
இன்னும் தள்ளினால் சுவர்தான் மிஞ்சும் சார்.

தண்டையார்பேட்டையில்
எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கடை.
கன்டெய்னர் லாரி போனால் மேசை அதிரும்.
பென் டூலால் ஒரு முகத்தைச் சுற்றி வரும்போது
லாரிச் சத்தம் கேட்டால்
மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.
எடுக்காமல் ஒருமுறை
ஒரு வேட்பாளரின் காது மடலை வெட்டிவிட்டேன்.
ஜெயித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

மணலிப் பக்கம் எடுத்த படமென்றால்
பின்னால் புகைபோக்கி நிற்கும்.
அழிக்க நாலு நிமிடம்.
வானத்துக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன்:
நீலம் ஒன்று, நீலம் இரண்டு, மேகத்தோடு நீலம்.
எந்த ஊர் வானமோ.
இந்த ஏரியாவில் பாதிப் பேர்
அந்த ஒரே வானத்தின் கீழேதான்
மாலை மாற்றியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது
நாலு பேரும் ஒரு சின்னப் பெண்ணும் வந்தார்கள்.
செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள்;
இந்தக் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.
டில்லிபாபு. முப்பத்தாறு. ட்ரெய்லர் டிரைவர்.
விடியற்காலை நெஞ்சுவலி.
அஞ்சு மணிக்கு எடுக்கிறார்கள்.
பத்துக்கு எட்டில் ஒரு பேனர், இப்போதே.

போனில் பதினேழு படம்.
கிரிக்கெட் கப்போடு, கண் மூடி.
மொட்டை போட்ட மகள் மடியில், கண் மூடி.
திருத்தணிப் படிக்கட்டில் எல்லோரும் சிரிக்க
இவர் மட்டும் தூங்குகிற மாதிரி.
"ஃபிளாஷுக்கு முன்னாடியே மூடிக்கும் அது,"
என்றார் மனைவி,
சொன்ன பேச்சைக் கேட்காதவரைப் பற்றிச் சொல்லும் குரலில்.
"இப்பனாச்சும் தொறந்து வையேம்மா."

சிலைக்குக் கண் திறக்கும்போது
எதிரே கண்ணாடி பிடிப்பார்களாம்.
எனக்கு எதிரே ஆறிப்போன தயிர்சாதம்.

கண்ணுக்கு எங்கே போவது?
நெட்டில் கிடைப்பதெல்லாம் விளம்பரக் கண்.
கடைசியில் நின்றவன் தம்பி, லோகு.
அதே மூக்கு. அதே புருவ முடிச்சு.
ஸ்டூலில் உட்காரவைத்தேன்.
என்னைப் பார்க்காதே, பல்பைப் பார்.
எடுத்த படத்தில்
சிவந்திருந்த வெள்ளையை வெளுத்தேன்.
இமையோரத்து ஈரத்தை
ஹீலிங் பிரஷ்ஷால் ஒரு தொடு, போய்விட்டது.
அவ்வளவு சுலபமாகப் போனது பிடிக்காமல்
கன்ட்ரோல் இசட் போட்டேன். ஈரம் திரும்பி வந்தது.
மணி மூன்று. மறுபடி அழித்தேன்.

ஃபெதர் நாலு பிக்சல். இடக்கண் சற்றே சாய்வு.
லேயரை இறக்கி வைத்ததும்
டில்லிபாபு எல்லோரையும் பார்த்தார்.
மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.
மகள் மட்டும் கிட்டே வந்து
"சித்தப்பா மாரி கீது" என்றாள்.
லோகு அவளைத் தூக்கிக்கொண்டு
ரோட்டுக்குப் போய் நின்றான்.

காரியம் முடிந்து, மழைக்காலமும் முடிந்து
லோகு வந்தான்.
துறைமுகப் பாஸுக்கு போட்டோ வேண்டுமாம்,
அண்ணன் ஓட்டிய வண்டி.
அதே ஸ்டூல். அதே பல்ப்.
ஃபிளாஷ் அடித்தது. மூடிக்கொண்டான்.
இன்னொன்று. மூடிக்கொண்டான்.
முன்னெல்லாம் இப்படி இல்லையே, என்றேன்.
சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஃபைல் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது,
அவனுடைய கண்களோடு.
ஒட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.
நான் காமிராவை மறுபடி தூக்கினேன்.
"எத்தினி தபாக்கா எடுப்ப?"
அறுபது ரூபாய்க்கு
எத்தனை தடவை வேண்டுமானாலும்.