குருமண்வெளிப் பாதை

எங்கள் பக்கத்தில் பாதை என்றால்
தரையில் கிடப்பதல்ல, நீரில் நகர்வது.
உரமூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர்,
ஒன்பது மோட்டார் சைக்கிள்,
கயிற்றில் ஒரு கிடாயைப் பிடித்தபடி ஒருவர்,
நான்.
சட்டைப்பைக்குள் பத்தாயிரம் ரூபாய்.

இருபத்துநாலு வயதில் இதே தட்டில் நின்றேன்,
புதுக் கறுப்புச் சப்பாத்தும் புது வேதாகமமும்,
வாயில் வேப்பங்குச்சி மாதிரி
எந்நேரமும் ஒரு தரிசனமுமாக.
கர்த்தர் எனக்குச் சொன்னார் என்றேன்.
கம்பி என்ன விலை என்றும் சொன்னாரா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஓலைக் கொட்டிலில் பதினொரு பெண்கள்.
குழுக்கடன், ஆளுக்கு அறுபதினாயிரம்,
ஒருத்திக்கு ஒருத்தி பிணை.
நோர்வேயிலிருந்து ஒரு சகோதரர் அனுப்புவார் என்றேன்.
அவர் தலையசைத்தது உண்மை.
அதை வாக்குறுதி என்று மொழிபெயர்த்தது நான்.
பேனையைப் பிடித்தபடி தயங்கிய இராசமணியை
விசுவாசக் குறைவு என்றேன்
எல்லாருக்கும் முன்னால்.
அவள் கையெழுத்து வைத்தாள்.

எட்டுத் தூண்கள் எழும்பின.
பிறகு புதன்கிழமைகள் எழும்பின.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
கடன் பெடியன் முற்றத்தில் நிற்கும் புதன்கிழமைகள்.
நான் உபவாசம் இருந்தேன்.
அவர்களும் இருந்தார்கள், வேறு காரணத்துக்கு.
ஆறாம் மாதம்
திருகோணமலைக்கு எனக்கு அழைப்பு வந்தது.
அழைப்பு.
ஓடினதை ஒன்பது வருடம்
அந்தச் சொல்லால்தான் போர்த்தி வைத்திருந்தேன்.

தூண்கள் நிற்கின்றன.
மழைக்குத் துரு வடிந்து
ஒவ்வொன்றிலும் பழுப்புக் கோடு.
"வெள்ளத்துக்கு மாடு கட்ட நல்லம்" என்றார் வழியில் ஒருவர்,
பகிடியாகக்கூட இல்லை.

சுகிர்தமலரின் வளவில் கச்சான் காய்ந்தது.
என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டாள்.
கதிரை வரக் கொஞ்சம் நேரமானது.
"செபத்தோட தொடங்குவமா" என்றுவிட்டேன், பழக்கம்.
"செபம் இருக்கட்டும். எண்ணுங்க."
எண்ணினேன்.
அவளும் எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினாள்.
கொப்பியில் திகதி, தொகை,
என் பெயர்.
முன்னால் பாஸ்டர் இல்லை.

வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
"அது கலாரஞ்சினி கட்டிட்டாள், குவைத்தில இருந்து.
மகள் பெரியபிள்ளையானதைப் போனில பாத்தவள்.
அதுக்கு என்ன தாள் கொண்டுவந்தீங்க?"

இராசமணி?
கச்சானில் வாய் வைத்த கோழியை விரட்டிவிட்டு
வேலியைப் பார்த்தபடி சொன்னாள்:
"அவ அதுக்குப் பிறகு ஒண்டுக்கும் கையெழுத்து வைக்கல்ல.
மகன்ட பள்ளிக்கூடப் பேப்பருக்கும் வைக்கல்ல."

இன்னும் அறுபத்தைந்து மாதம்.
கணக்கில் வந்தது அவ்வளவு.
தேத்தண்ணி தரவில்லை. நானும் எழும்பவில்லை,
வெயில் வேலிக்கு இறங்கும் வரை.
"எந்த நாள் வர?"
அவள் கொப்பியை மூடினாள்.
"புதன்."

கடைசிப் பாதை ஆறு மணிக்கு.
கிடாயைக் கொண்டுவந்தவர்
வெறுங்கயிற்றைக் கையில் சுற்றியபடி
எனக்குப் பக்கத்தில் நின்றார்.
நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை.