கூடுதல் பாகங்கள்

படிவத்தில் அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்.
கூடுதல் பாகங்கள் இருப்பின் குறிப்பிடுக.

மூன்று தவணை தவறிய எண்ணூறு சீசீ.
பெயர் டிலோஷன். வயது இருபத்து மூன்று.
பொகவந்தலாவைக்கு மேலே, கீழ்ப்பிரிவு, தொங்கல் லயம்.
கொழுந்து லொறியே முழங்கால் போட்டு ஏறும் பாதையில்
ஸ்பிரிங்கை அறுத்து
தீப்பெட்டி நுழையாத அளவுக்கு
காரை இறக்கி வைத்திருக்கிறான்.

பின்சக்கரம் இரண்டும்
பிறந்த கன்று முதல்முறை எழுந்ததுபோல்
கால் பரப்பி நிற்கின்றன.
டிக்கியின் மேல் ஒரு சிறகு:
நூற்று முப்பதில் போகையில்
காற்று வண்டியைத் தூக்காமல் இருக்கவாம்.
இந்த மலையில் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கும்.
காரைத் தூக்க வேண்டுமானால்
கார் முதலில் இரண்டாம் கியரைத் தாண்ட வேண்டும்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டியிருந்தான்,
பின்னேரம் நாலரைக்கு மூட்டம் இறங்கி
சும்மாவே வெள்ளை பூசிவிட்டுப் போகிற ஊரில்,
பதினெட்டாயிரம் கொடுத்து.

சைலன்சர் வெட்டியது. மிதித்து விட்டால் வெடிக்கும்.
எதிர்மலை அந்தச் சத்தத்தை வாங்கி வைத்து
கொஞ்சம் யோசித்துத் திருப்பித் தரும்.
நாய்கள் இரண்டு தடவை குரைக்கும்.

முன் கண்ணாடியில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி.
என்ன தம்பி எழுதியிருக்கு?
"தெரியாதுங்க சேர். ஆனா நல்லா இருக்குல்ல."

சாவியைக் கேட்டேன்.
ஏசினால், தாய் வந்து அழுதால்,
பக்கத்து லயத்திலிருந்து நாலு பேர் கூடினால்,
எல்லாவற்றுக்கும் என்னிடம் வசனம் உண்டு.
அவன் சாவியைக் கையில் வைத்துவிட்டு
டிக்கியைத் திறந்து காட்டினான்.
நாலு பலகை.
"இது இல்லாம நீங்க இறக்க ஏலாது."

அப்படித்தான் இறங்கினோம்.
பறிமுதல் செய்கிறவன் உள்ளே, பாதி படுத்தபடி.
பறிகொடுத்தவன் வெளியே, பின்னோக்கி நடந்து,
ஒவ்வொரு கானுக்கும் குனிந்து பலகை வைத்து
நான் கடந்ததும் உருவி எடுத்து
ஓடி முன்னால் வந்து
மறுபடி குனிந்து.
"வலப்பக்கம் கல்லு."
"இங்க மழை அரிச்சிருக்கு. இடது, இடது."
"ஏழாம் நம்பர் முடக்குல ஹோன் அடிங்க,
கொழுந்து நிறுக்கப் போறவங்க வருவாங்க."

இரண்டு மைல். ஐம்பது நிமிடம்.
தனியே ஏறும் இரவுகளில் யார் வைப்பது?
"நான்தான். இறங்கி வைப்பேன், ஏறி ஓட்டுவேன்,
இறங்கி எடுப்பேன்."

ஏன்தான் இவ்வளவு இறக்கினாய், என்றேன்.
மேட்டில் பெண்கள் மட்டக்கம்பைச் செடிமேல் கிடத்தி
அதற்கு மேலே தெரிந்த கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.
சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.
"எல்லாத்துக்கும் யாராச்சும் மட்டம் வச்சிருக்காங்க சேர்.
இதுக்கு நான் வச்சேன்."
கொஞ்சம் பொறுத்து,
"பாக்க ஸ்டைலாவும் இருக்கு."

தார் ரோடு தொடங்குமிடத்தில்
பலகைகளைப் புல்லில் தேய்த்து டிக்கிக்குள் அடுக்கினான்.
பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்
நான் பார்க்கிறேனா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது.
மேலே நடந்தான்.

நோர்வூட் பாலத்துக்குக் கிட்ட
நானும் ஒரு தடவை மிதித்து விட்டேன்.
டப்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஹட்டனில் எங்கள் யார்ட் வாசலில் ஒரு மேடு,
கம்பனியே போட்டது.
வண்டி அதன்மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்தது.
பின்னால் பஸ் அலறுகிறது. மழை.
கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு
டிக்கியைத் திறந்தேன்.
குனிந்து வைத்தேன், எழுந்தேன்,
இடது, இடது என்றேன்
யாருமில்லாத இருக்கைக்கு.