மூடி

மூன்று நாள் வாடகை ஆயிரத்து இருநூறு.
அடமானம், குத்தாலிங்கத்தின் பைக் ஆர்.சி.
பேய்ப்படம் எடுக்கப்போறோம் அண்ணே என்றான்,
நெசமாவே நடந்த மாதிரி, ஆட்டி ஆட்டி.
ஆட்டினா எனக்குல்லாடே செலவு என்றேன்.

நேற்று தென்மலை ஸ்டேஷன்காரர் கொண்டுவந்தார்.
கேமரா மட்டும்.
மலையாளத் தாளில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

ஷட்டரை இறக்கிவிட்டுப் பார்த்தேன்.
ஆரியங்காவு மழை. பரோட்டா.
முகமெல்லாம் பவுடர் அப்பிய சிபின்
சிரிப்பை அடக்க முடியாமல் ஏழு டேக்.
அப்புறம் ரயில் குகை.
அப்புறம், யாரும் நடிக்காத ஒரு மூச்சு.

இந்த வகைப் படம் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன்:
உயிர் போகிற ஓட்டத்தில்
கேமராவை எதுக்குடே பிடிச்சிட்டு ஓடுதே?
சரளை, இருட்டு, தண்டவாளம், இருட்டு,
நடுவே பீரின் குரல்:
"போட்டுராதலே, அசன் அண்ணன் கேமரா."

பிறகு பதினோரு நிமிஷம்
கல்மேல் சாய்ந்து கிடக்கிறது.
சில்வண்டுச் சத்தம்.
லென்ஸில் ஒரு சொட்டு வழிகிறது.
அதை யாரோ துடைக்கிறார்கள்,
அவசரமில்லாமல், நடுவிலிருந்து வட்டமாக,
நான் துடைப்பதுபோலவே.

மூடி போட்டுத்தான் திரும்பி வந்தது.
அந்த மூடி
என் கடையில் தொலைந்து
ரெண்டு வருஷமாகிறது.