எட்டரை

பின்மேசை என்னுடையது.
டாக்டர் கொராஸ்த் தொடைக்குள்ளிருந்து உருவித் தருவதை
இரு கைகளாலும் வாங்குகிறேன்:
இரண்டு நாண்கள், ஈரமாய், முத்தின் நிறத்தில்.

ஒட்டிய தசையைக் கரண்டி முதுகால் வழிக்கிறேன்.
இரண்டை நாலாக மடித்து நுனிகளைத் தைக்கிறேன்.
பலகையில் இழுத்துக் கட்டி
மருந்தில் நனைத்த துணியால் மூடுகிறேன்.
அப்புறம் துளைத்தகடு.
எட்டில் நுழையவில்லை,
ஒன்பதில் ஆடுகிறது.
"எட்டரை" என்கிறேன்.
அந்த அளவுக்கே எலும்பில் துளை விழுகிறது.

பச்சைத் துணிக்கு வெளியே தெரியும் முழங்காலுக்குப்
பெயர் இருக்கக் கூடாது.
ஆனால் இது நேஜா.
யெசெனித்ஸெயின் மேட்டுத்தெருக்களுக்கெல்லாம்
தபால் கொண்டுவருகிறவள்.
நவம்பரில் நாய் துரத்த வேலி தாண்டிக் குதித்தாள்.
சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டதாம்.
பை நனையவில்லை, அதைத்தான் இரண்டு தடவை சொன்னாள்.

திரையில்
உப்புநீரில் பஞ்சாக அலைகிறது அறுந்த ஜவ்வு.
இரண்டும் குறுக்கே போவதால்
சிலுவை என்று பெயர் வைத்தவர்கள்
ஒன்று போனபின் மற்றதை
என்னவென்று அழைப்பதென்று சொல்லவில்லை.

நாண் சுரங்கத்துக்குள் போகிறது.
திருகாணி.
டாக்டர் கெண்டைக்காலைப் பிடித்து முன்னே இழுக்கிறார்.
வரவில்லை.
இன்னொரு தடவை இழுக்கிறார்.
வரவில்லை.

பத்தாவது வாரம்.
அரைநாள் வேலை, வண்டியில் மட்டும்
என்று சீட்டு எழுதியிருந்தார்.
என் வீட்டுக்குப் படி முப்பத்தொன்று.
ஏறி வந்து நிற்கிறாள், மூச்சுகூட வாங்காமல்.
"பார், வலியே இல்லை!"

நன்றாகத் திட்டினேன்.
உள்ளே வைத்தது முதலில் சாகும், நேஜா.
ரத்தம் இன்னும் அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறது.
நீ அழுத வாரத்தில் அது கயிறு.
நீ சிரிக்கிற இந்த வாரத்தில் நூல்.
ஜவ்வாக மாற வருஷம் ஆகும்,
அதுவரை வலியின் பேச்சையும் நம்பாதே,
வலி இல்லாததன் பேச்சை நம்பவே நம்பாதே.

குனிந்து முழங்காலைப் பார்த்தாள்,
முகவரி சரியில்லாத உறையைப் பார்ப்பது போல.
கைப்பிடியைப் பற்றி
ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில், இறங்கினாள்.
முப்பத்தொன்றையும் எண்ணினேன்.

கையிலிருந்த கடிதத்தைப் பிறகுதான் பார்த்தேன்.
எனக்கில்லை, கீழ்வீட்டு ராசிங்கருக்கு.
வண்டி இன்னும் கிளம்பவில்லை.
கூப்பிட வாயெடுத்தேன்.
கூப்பிட்டால் திரும்ப ஏறுவாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.